சந்திரா என்கிற சந்திரகலா

அத்தியாயம் 11

வேலூரில் பாஸ்போர்ட்டுக்கு நாள் கிடைத்துவிட்டது என்று தெருவில் ஒரு வீடு விடாமல் கேசரி கொடுத்தாளே சந்திரகலா, அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

மஸ்கட்டில் இருக்கும் மகள் தேவிப்ரியாவுக்கு அடுத்த மாதக் கடைசியில் பிரசவம். தலைப்பிரசவம். "நீ பக்கத்துல இல்லன்னா நான் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேம்மா" என்று அவள் போனில் அழுது, மாப்பிள்ளை அங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் எல்லாம் நிரப்பி, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டார். விமானம் ஏறுவதுதான் பாக்கி என்று அடி அண்ணாமலை ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

பிரவுசிங் சென்டர்க்காரர்தான் அதில் ஒரு முடிச்சைப் போட்டார்.

"ஆதார்ல உங்களுக்குப் பொறந்த வருஷம் மட்டும்தான் இருக்கும்மா, தேதி இல்ல. ஸ்கூல் டி.சி. எடுத்துக்கினு போங்க. பேரு, வருஷம் எதுனா மாறியிருந்தா நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிடுங்க. அது இல்லாம போனீங்கன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

பேர் மாறியிருந்தது. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. டி.சி.யில் அவள் பெயர் சந்திரா. கல்யாணமாகி வந்த வீட்டில் மூத்த மருமகள் பெயரும் சந்திரா. ஒரு வீட்டில் இரண்டு சந்திரா எதற்கு என்று மாமியார் ஒரு கலாவைச் சேர்த்துவிட்டார். அது ஊருக்கே தெரிந்த கதை.

வருஷமும் மாறியிருந்தது. அது ஊருக்குத் தெரியாது. முக்கியமாக, அவள் கணவர் சக்கரபாணிக்குத் தெரியாது.

அக்காவின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதில் சந்திராவுக்கு இருபத்தேழு வயது ஆகிவிட்டிருந்தது. "இருபத்தேழுன்னு சொன்னா ரெண்டாந்தாரமாத்தான் கேட்டு வருவாங்க" என்றார் தரகர் கண்ணாயிரம். அஞ்சு வயதை ஒரே போடாக வெட்டி, இருபத்திரண்டு என்று புது ஜாதகமும் எழுதிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து. பொருத்தம் பத்துக்கு எட்டு.

ஆக, தன்னைவிட மூன்று வயது சின்னவள் என்று நினைத்து சக்கரபாணி கட்டிக்கொண்டு வந்தது, தன்னைவிட இரண்டு வயது பெரியவளை.

முப்பத்தைந்து வருஷமாகப் பிறந்த வீட்டுப் பெட்டியின் அடியில் கிடந்த அந்த டி.சி.யை, அண்ணன் பலராமன் செங்கத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "மாப்ள கண்ணுல படாம வேலைய முடிச்சிடு" என்று காதோடு சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

சந்திரகலாவும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தாள். வியாழக்கிழமை காலை, மகன் சுரேஷ்குமாரும் மருமகள் நந்தினியும் வேலைக்குக் கிளம்பியதும், தைக்கக் கொடுத்த ரவிக்கைகளைப் பட்டுவாடா செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் போய்விட்டு வந்துவிடுவது. பேர் மாறியிருப்பதற்கு ஒரு அஃபிடவிட் என்று சக்கரபாணிக்குத் தெரிந்தால் போதும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிக்கப்போகிறார்கள்?

ஆனால் அன்று பௌர்ணமி. அதை மறந்துவிட்டாள்.

காலை ஒன்பது மணிக்கே கிரிவலப் பாதையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். ஆட்டோ ஒன்றையும் காணோம். மூலையில் நின்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவளை, சக்கரபாணி ஹெல்மெட்டும் கையுமாக வாசலில் எதிர்கொண்டார்.

"இன்னா, ஆட்டோ இல்லையா? நான்தான் சொன்னேனே. ஏறு வண்டியில."

"வேணாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? பிளவுஸ் குடுக்கத்தானே…"

"பிளவுஸ் குடுக்கிறதுக்கு எதுக்கு ஆதார் கார்டு?" அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்த அட்டையை அவர் விரலால் தட்டினார். "நோட்டரிக்குத்தானே போற? தனியா போயி அங்க பேந்தப் பேந்த முழிக்கவா? நீ சின்னப் பொண்ணு, உனக்கு இந்த ஆபீஸ் விவகாரம்லாம் புரியாது. நான் இருக்கேன், வா."

மின்வாரியத்தில் முப்பது வருஷம் லைன்மேனாக இருந்து இந்த வருஷம்தான் ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு காகிதம் வாங்கும் வேலை என்றால் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சந்திரகலா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். மஸ்கட்டில் வெயில் ஜாஸ்தியாம், பருத்திப் புடவையாக எடுத்துவைக்க வேண்டுமாம். பேரப்பிள்ளைக்கு முதல் மொட்டையை இங்கே வந்துதான் போட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டுமாம். பின்னால் உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

நோட்டரி கோதண்டராமனின் அலுவலகம் வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. எட்டு நாற்காலி, அதில் பதினோரு பேர். வீட்டு வாடகைப் பத்திரம், கல்விக் கடன் பத்திரம், சர்டிபிகேட் நகல் என்று ஆளுக்கொரு காகிதம். நோட்டரி கறுப்புக் கோட்டைக் கழற்றாமலேயே கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பதினொன்றரைக்கு நான் கெளம்பிடுவேன்" என்று பொதுவாக அறிவித்தார். "அப்புறம் ரோடு அடைச்சிடுவான். நான் வீடு போய்ச் சேர முடியாது."

மணி பத்தே முக்கால்.

டைப்பிஸ்ட் வேணு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். சந்திரகலாவின் முறை வந்தபோது சக்கரபாணியும் கூடவே எழுந்தார்.

"ஏங்க, ஆதாரும் போட்டோவும் ரெண்டு ரெண்டு காப்பி வேணுமாம். கீழ போயி எடுத்துக்கினு வந்துடுங்களேன்" என்றாள் அவசரமாக.

"இதோ." அவர் உற்சாகமாகப் படியிறங்கினார். கீழே ஜெராக்ஸ் கடையில் கூட்டம் தெருவரை நின்றது. சந்திரகலா வந்த பிறகு முதன்முறையாக மூச்சை விட்டாள்.

அவர் காலடிச் சத்தம் அடங்கியதும்தான் பையிலிருந்து டி.சி.யை எடுத்தாள். பழுப்பேறி, மடித்த இடமெல்லாம் பிரியத் தொடங்கியிருந்தது. வேணு அதை, அவள் பையில் இருந்த பழைய ஆதார் நகலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"பேரு சந்திரா, இதுல சந்திரகலா. சரி. வருஷம்… இதுல அறுபத்து மூணு, இதுல அறுபத்தெட்டா?" வேணுவின் புருவம் ஏறியது.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க தம்பி."

"அஞ்சு வருஷம்மா!"

"தெரியும். தம்பி, இத டைப் பண்ணிக் குடுத்துடுங்க. சத்தம் போட்டுப் படிக்க வேணாம். நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

வேணு சிரித்துவிட்டார். "நான் படிக்கலம்மா. சார் படிப்பார். படிச்சுக் காட்டி, நீங்க ஆமாம்னு சொன்னாத்தான் சீல் வைப்பார். வாயத் தொறக்காம ஒரு காகிதம்கூட இங்கேர்ந்து போனதில்ல."

விசைப்பலகை தடதடத்தது. 'சந்திரா என்பதும் சந்திரகலா என்பதும் ஒரே நபரான என்னையே குறிக்கும் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' திரையில் அந்த வரி வந்தபோது சந்திரகலாவுக்கு என்னவோ போலிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரையும் யாரும் ஒரே வரியில் எழுதியதில்லை.

முத்திரைத்தாளில் அச்சாகி வந்தது. நோட்டரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அவர் குரல் கோர்ட்டில் பழகிய குரல். மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது.

"திருவண்ணாமலை மாவட்டம், அடி அண்ணாமலை கிராமத்தில் வசிக்கும் சக்கரபாணி என்பவரின் மனைவி சந்திரா என்கிற சந்திரகலா, வயது…" நிறுத்தினார். "வேணு, வயச விட்டுட்டியா?"

"அம்மாகிட்ட கேட்டுட்டுப் போடலாம்னு சார்."

"என்னம்மா வயசு? ஆதார்படி அம்பத்தேழு. டி.சி.படி அறுபத்திரண்டு. எது சரி?"

"அதுதாங்க…"

"இங்க பாருங்க. இது சத்தியப் பிரமாணம். பொய்யாச் சொன்னா நாளைக்கு உங்களுக்குத்தான் பிரச்சினை. எது உண்மையோ அதச் சொல்லுங்க."

வாசலில் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் இன்னும் சூடு ஆறாத நகல்களோடு சக்கரபாணி நின்றுகொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்களிடம் "வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட்டுங்க, பொண்ணுக்குப் பிரசவங்க" என்று சொல்லி முன்னால் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அம்பத்தேழு சார்" என்றார் அவரே முந்திக்கொண்டு. "எனக்கு அறுபது. என்னவிட மூணு கம்மி."

அப்படியே விட்டிருக்கலாம். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். வேணுகூட விட்ட இடத்தில் வயதை எழுதப் பேனாவோடு காத்திருந்தார். டி.சி.யில் தப்பு என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்.

சந்திரகலா குனிந்து முத்திரைத்தாளைப் பார்த்தாள். இதை எடுத்துக்கொண்டுதான் மகளிடம் போக வேண்டும். முதன்முதலில் பிறக்கப்போகும் அந்தக் குழந்தையைத் தூக்கப் பொய்ச் சத்தியம் செய்துவிட்டுப் போவதா?

"அறுபத்திரண்டு சார்" என்றாள். "டி.சி.யில இருக்கிறதுதான் சரி."

அறையில் இருந்த அத்தனை பேரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

சக்கரபாணி நகல்களை மேஜைமேல் வைத்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார். "எனக்கே அறுபதுதான்."

"இருக்கட்டுமே. உங்க வயசு இதுல வராதுங்க" என்றார் நோட்டரி. "நீங்க கையெழுத்துப் போடுங்கம்மா. ரெண்டு பேருலயும் போடணும்."

வேணு வயதை எழுதி முடித்ததும் அவள் முதலில் சந்திரா என்று போட்டாள். பத்தாம் வகுப்பில் போட்ட கையெழுத்து. கை அதை மறக்கவே இல்லை. அதன் கீழே சந்திரகலா. பதிவேட்டிலும் ஒரு கையெழுத்து. கோதண்டராமன் சிவப்பு வில்லையை ஒட்டி, இரும்பு அச்சை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். வட்ட முத்திரை விழுந்தது. ஊதா மையில் கையெழுத்தும் விழுந்தது.

"முடிஞ்சுது. போய்ட்டு வாங்க."

அவள் நிமிர்ந்தபோது சக்கரபாணி அங்கே இல்லை.

கீழே வந்து பார்த்தாள். எதிர்ச்சாரி டீக்கடை வேப்பமரத்தடியில், வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரகலா அருகில் போய் நின்றாள். அவர் திரும்பவில்லை.

"கோவமாங்க?"

"மொதல்ல சொல்லாம வுட்ட, சரி. கண்ணாயிரம் செஞ்ச வேல, உங்க வீட்டுல பயந்துட்டாங்க. புரியுது." அவர் வண்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். "முப்பத்தஞ்சு வருஷம் கலா. ஒரு நாள்கூடவா என்கிட்ட சொல்லணும்னு தோணல?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் எத்தனையோ தடவை யோசித்து வைத்திருந்தாள். அதெல்லாம் இப்போது வரவில்லை. உள்ளதுதான் வந்தது.

"மொத வருஷம் பயம்ங்க. உங்கம்மா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு. அப்புறம் சுரேஷ் பொறந்தான், தேவி பொறந்தா, அதுல மறந்தே போச்சு. அதுக்கப்புறம்…"

"அப்புறம்?"

"நீங்க எதுக்கெடுத்தாலும் 'நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது'ன்னு சொல்லுவீங்க இல்ல? எங்க வீட்டுல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல. இன்னும் கல்யாணம் ஆகலியா, இன்னும் ஆகலியான்னு வயசத்தான் சொல்லுவாங்க. நீங்க சொல்லும்போது நல்லா இருந்துச்சு. சொல்லிட்டா அதப் போயி நிறுத்திடுவீங்களேன்னு…"

பாதியில் நிறுத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சக்கரபாணி இப்போதுதான் திரும்பினார். ஏதோ கணக்கு இன்னும் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் கலா, போன மாசம் திருச்செந்தூர் போனோமே."

"ஆமாங்க."

"ரயில்ல நான் இன்னா சொன்னேன்? வயசானவன், எனக்குக் கீழ் பர்த்து வேணும், நீ மேல ஏறிக்கன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க."

"போகும்போது ஒரு வாட்டி, வரும்போது ஒரு வாட்டி. அறுபத்திரண்டு வயசுக்காரிய மேல ஏத்தி வுட்டுட்டு, அறுபது வயசுக்காரன் நான் கீழ கால நீட்டிக் குறட்டை விட்டேனா?"

"வரும்போது ஏணியில கால வைக்கும்போது நினைச்சேங்க" என்றாள் சந்திரகலா. "இப்பவே சொல்லிடலாமான்னு. முட்டி அந்த வலி வலிச்சுது."

அவ்வளவுதான். சக்கரபாணிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிரிப்பு. வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சந்திரகலாவுக்கும் அடக்க முடியவில்லை. அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"சும்மா இருங்க, பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஏம்ப்பா, ரெண்டு டீ போடு. பெரியவங்களுக்கு மொதல்ல குடு!"

டீ வருவதற்குள் அவர் அவள் போனை வாங்கி மகளுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார். தேவிப்ரியா வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி திரையில் வந்தாள்.

"என்னப்பா, நோட்டரி வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சும்மா, சீலு எல்லாம் குத்தியாச்சு. ஆனா ஒரு விஷயம். உங்கம்மா எனக்கு அக்காவாம்!"

விஷயம் புரிய அவளுக்கு அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில், வலிதான் வந்துவிட்டதோ என்று மாப்பிள்ளை முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் தேவிப்ரியாவுக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, மெதுவா வா, ஆனா வந்துடு" என்றாள் கடைசியில். "நீ வரலன்னா நான் இப்படிச் சிரிச்சே பெத்துடுவேன்."

சந்திரகலா திரையைத் தொட்டுக் கொஞ்சினாள். நெஞ்சு லேசாகிவிட்டது. இந்த டீ எப்போதையும்விட இனிப்பாக இருப்பதுபோல் பட்டது. மணி பதினொன்று இருபது.

"இனிமே உள்ள வேற எதுனா இருக்கா?" என்று கேட்டார் சக்கரபாணி, டம்ளரைக் கீழே வைத்தபடி. "இருந்தா இப்பவே சொல்லிடு. இன்னிக்கி நான் எதையும் தாங்குவேன்."

"ஒண்ணும் இல்லீங்க. இருந்ததே அது ஒண்ணுதான்." பையைத் துழாவினாள். அஃபிடவிட் இருந்தது, ஆதார் இருந்தது. "ஐயையோ, டி.சி.ய மேலயே வுட்டுட்டேன்!"

"ஓடு ஓடு, அவரு கெளம்பிடப் போறாரு."

முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றோ, படிகளில் ஏறிப் போனாள். நோட்டரி கிளம்பிக்கொண்டிருந்தார். வேணு டி.சி.யை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

"நீங்களே வருவீங்கன்னு தெரியும்மா. இந்தாங்க." கொடுத்துவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார். "அப்புறம், இதையும் எடுத்துக்கினு போயிடுங்களேன். அடி அண்ணாமலை சக்கரபாணி மகன் சுரேஷ்குமார்னா உங்க பையன்தானே? இப்ப உங்க பத்திரத்துல அட்ரஸ் பார்த்துத்தான் புரிஞ்சுது. நேத்து வீட்டுக்காரம்மாவோட வந்து கையெழுத்துப் போட்டாரு. சாயந்திரம் வந்து வாங்கிக்கறேன்னாரு, இன்னும் வரல."

பழுப்புக் கவர். ஒட்டவில்லை, மடித்து மட்டும் வைத்திருந்தது. மேலே பென்சிலில் 'சுரேஷ்குமார் – நந்தினி, 2 செட்' என்று எழுதியிருந்தது.

"என்ன பத்திரம் தம்பி?"

வேணு வாயைத் திறந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த நோட்டரி ஒரு பார்வை பார்த்தார். வேணு வாயை மூடிக்கொண்டார்.

சந்திரகலா கவரோடு இறங்கி வந்தாள். நேற்று இரண்டு பேரும் வேலைக்குத்தானே போனார்கள்? சாயந்திரம் வந்து டிபன் சாப்பிட்டார்கள். நந்தினி கோலமாவு தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

சக்கரபாணி வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். "கெடைச்சுதா? அது இன்னா கையில, புதுசா ஒரு கவரு?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அவள் அதைக் கடித்துக்கொண்டாள்.

"சுரேஷோடதுங்க. நேத்து அவனும் நந்தினியும் இங்க வந்திருக்காங்க. என்னன்னு தெரியல."

அவர் பதில் சொல்வதற்குள், அவர் சட்டைப் பையில் இருந்த அவள் போன் அடித்தது. சக்கரபாணி எந்தப் போனையும் காதில் வைத்துப் பேசியவர் இல்லை. எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அம்மா!" சுரேஷ்குமாரின் குரலில் பதற்றம். "வேணு அண்ணன் இப்பத்தான் போன் பண்ணாரு. கவரை உங்ககிட்ட குடுத்துட்டாராமே? அதப் பிரிக்காதீங்கம்மா. நானும் நந்தினியும் நேர்ல சொல்றோம். அப்பாவுக்கு மட்டும் இப்ப தெரிய வேணாம், ப்ளீஸ்."

ரோட்டில் கிரிவலத்துக்குப் போகும் கூட்டம் அரோகரா போட்டபடி கடந்து சென்றது.

சக்கரபாணி போனைப் பார்த்தார். கவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"அப்பாதான்டா பேசறேன்" என்றார் நிதானமாக. "சாயந்திரம் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் வீட்டுல இருங்க."

அவர் போனை அணைத்து அவளிடம் நீட்டினார். அவள் கவரை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"புள்ள பிரிக்க வேணாம்னுட்டான். நீயே வச்சிரு, நீதானே பெரியவ" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

ஆறு மணிக்கு இன்னும் ஆறரை மணி நேரம் இருந்தது. மடிப்பு பிரியாமல் இருக்க, சந்திரகலா அந்தக் கவரின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.